வீட்டுப் பரணில் பழைய ரெக்கார்டு இருக்கா? இணையத்தில் பகிர்வதற்கு முன் இதைப் படிங்க

தாத்தா வீட்டுப் பரணிலோ, மும்பை சோர் பஜாரிலோ, கொல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவிலோ ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்று உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடாத படம். பாடியவர் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. யூட்யூபில் தேடினாலும் கிடைக்கவில்லை. தூக்கிப் போடுவதா? டிஜிட்டலாக மாற்றி எல்லோரும் கேட்கப் பதிவேற்றுவதா?

கையில் இருப்பது எந்தத் தட்டு?

லேபிளில் உள்ள வேகத்தைப் பாருங்கள். 78 என்றால் அது பெரும்பாலும் அரக்குத் தட்டு, கீழே விழுந்தால் உடைந்துவிடும். 45 என்றால் வினைல். இந்த ஏழு அங்குல வடிவத்தை 1949-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. பக்கத்துக்கு ஒரு பாட்டு இருந்தால் சிங்கிள், இரண்டு இருந்தால் இ.பி. நம் ஊர் சினிமாப் பாடல்கள் அதிகம் வந்தது இ.பி.யாகத்தான்.

பிரிட்டனில் 78 வழக்கொழிந்த பிறகும் இந்தியாவில் அது நீடித்தது. மின்சாரம் தேவைப்படாத, சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்கள் இங்கே பல வீடுகளில் இருந்ததே காரணம். 1960-களின் நடுவில் இந்தியாவில் அச்சான பீட்டில்ஸ் 78 தட்டுகளை உலகச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

இவை ஏன் காணாமல் போகின்றன?

இந்தியாவில் ஒரு புத்தகம் அச்சானால், 1954-ம் ஆண்டுச் சட்டப்படி அதன் பிரதியை தேசிய நூலகம் உள்ளிட்ட பொது நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். பத்திரிகைகளுக்கும் இந்த விதி உண்டு. இசைத்தட்டுகளுக்கு இல்லை! 1980-களில் கேசட் வந்ததும் வினைல் விற்பனை சரிந்தது. ஹிட் பாடல்களை நிறுவனங்கள் கேசட், சி.டி. என்று மறுபடி வெளியிட்டன. ஓடாத படப் பாடல், பக்திப் பாடல், கல்லூரி பேண்டுகளின் ஆங்கிலப் பாட்டு எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. மூல ஒலிநாடாவும் போய்விட்டால், யாரோ ஒருவர் வீட்டில் இருக்கும் தட்டுதான் கடைசிப் பிரதி.

ஒரு தட்டு என்ன செய்துவிடும்?

வங்காளப் பாடகி ரூபா கனடாவில் பதிவுசெய்த ‘டிஸ்கோ ஜாஸ்’ 1982-ல் வந்தது, கவனம் பெறவில்லை. பிறகு சேகரிப்பாளர்கள் மூலம் இணையத்தில் பரவி, 2019-ல் அமெரிக்காவில் மறுவெளியீடு கண்டது. சரண்ஜித் சிங் சின்தசைசரில் ராகங்களை வாசித்து 1982-ல் பதிவுசெய்த தட்டும் இப்படித்தான் 2010-ல் மறுபிறவி எடுத்தது. இவை இரண்டும் எல்.பி. ரெக்கார்டுகள். முழு ஆல்பத்துக்கே இந்த நிலைமை என்றால், சின்ன சிங்கிளை யார் தேடப் போகிறார்கள்?

சரி, பதிவேற்றலாமா?

இங்கேதான் சிக்கல். ஒரு தட்டில் பல உரிமைகள் இருக்கின்றன. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை. பாடல் வரிக்கும் இசைக்கும், எழுதியவர் அல்லது இசையமைத்தவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள்.

உதாரணத்துக்கு, 1961-ல் வெளியான ஒரு தட்டு. பாடல் கண்ணதாசன், இசை எம்.எஸ்.விஸ்வநாதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு உரிமை 2021 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஆனால் கண்ணதாசன் மறைந்தது 1981-ல் என்பதால் வரிகளின் உரிமை 2041 இறுதி வரை. விஸ்வநாதன் மறைந்தது 2015-ல் என்பதால் இசையின் உரிமை 2075 இறுதி வரை.

ஆக, ‘பழைய பாட்டுதானே’ என்பது சட்டப்படி செல்லாது. காசு கொடுத்து வாங்கினாலும் தட்டுதான் உங்களுடையது, பாட்டு அல்ல. ‘லாப நோக்கம் இல்லை’ என்று கீழே எழுதிவிட்டால் உரிமை வந்துவிடாது. உரிமையாளர் புகார் கொடுத்தால் தளம் அதை நீக்கலாம்.

அப்போ என்னதான் செய்யலாம்?

• உங்கள் சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் பிரதி எடுக்கச் சட்டம் இடம் தருகிறது.

• லாப நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடமுள்ள டிஜிட்டல் அல்லாத பிரதியைப் பாதுகாப்புக்காக மின்னணு முறையில் சேமிக்கலாம். 2012 திருத்தம் தந்த வசதி இது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், குருகிராமில் உள்ள இசை ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள்.

• தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. பாடியவர், இசை, நிறுவனம், லேபிளில் உள்ள வரிசை எண், நடுவே பாட்டில்லாத வளையத்தில் பொறித்திருக்கும் எண் எல்லாவற்றையும் தயங்காமல் பகிரலாம். 2000-ல் தொடங்கிய டிஸ்காக்ஸ் தளம் இப்படிப் பயனர்கள் சேர்த்த விவரங்களால் வளர்ந்ததுதான்.

ஓட்டிப் பார்க்கும் முன்...

78 தட்டின் கோடு, வினைலைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அகலம். அதற்கான ஊசியை வினைலில் வைத்தால் பாட்டு தேய்ந்துபோகும். அரக்குத் தட்டை ஆல்கஹால் தொட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல், வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

தட்டின் உறை மீது பெயரோ தேதியோ எழுதியிருந்தால் அழிக்க வேண்டாம். எங்கே, எப்போது வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த விவரம் எந்த லேபிளிலும் இருக்காது.