கப்பல் தேர்ந்த விமானம்

ஓமந்தையிலிருந்து யாழ்ப்பாணம்–கண்டி நெடுஞ்சாலை வழியே தெற்கே செல்வோர், வவுனியா நகரை அண்டி ஒரு விமானத்தளம் இருத்தலை அறிவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் அது. அதன் ஓடுபாதை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் நீளமுடையது. அப்பாதையை ஆறு துண்டாக்கி, ஒரு துண்டை மட்டும் கடலில் மிதக்கவிட்டு, அது அலையில் ஏறியும் இறங்கியும் நகர்ந்துகொண்டிருக்கையில் அதன்மேல் ஒரு போர் விமானத்தை இறக்குமாறு ஒருவனைப் பணித்தால் அவன் என் செய்வான்? விமானந்தாங்கிக் கப்பலில் பணிபுரியும் விமானியின் அன்றாடத் தொழில் அதுவேயாகும்.

இக்கப்பல்களின் வலிமையும் வலியின்மையும் இத்தீவின் கரையோரத்திலேயே ஒருநாள் வெளிப்பட்டன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள், திருகோணமலையை விட்டு வெளியேறியிருந்த 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கியை யப்பானியக் கப்பல்களிலிருந்து பறந்து வந்த குண்டுவீச்சு விமானங்கள் மட்டக்களப்புக்கு அண்மையில் மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். விமானங்களைச் சுமப்பதற்கென்றே கட்டப்பட்ட அக்கப்பலில் அவ்வேளை ஒரு விமானமேனும் இருக்கவில்லை.

போருக்குப் பின் ஜெற் விமானங்கள் வந்தன. அவை முன்னையவற்றினும் கனமானவை. தரையிறங்கும் வேகமும் மிகுந்தவை. கப்பலின் நீளமோ அதற்கேற்ப வளரவில்லை. எனவே விமானத்தை விண்ணில் ஏற்ற இரு வழிகள் கையாளப்பட்டன. நீராவியால் இயங்கும் கவண் கொண்டு கல்லை எறிவதுபோல் விமானத்தை எறிதல் ஒன்று. கப்பலின் முகப்பை மேல்நோக்கி வளைத்து, விமானம் தன் இயந்திர வலியாலேயே அவ்வளைவில் ஓடித் தாவும்படி செய்தல் மற்றொன்று. முன்னதில் மிகுந்த சுமையுடன் எழலாம். ஆனால் கவணும் அதற்குரிய கொதிகலன்களும் பெரும் பொருட்செலவுடையவை. பின்னது எளிது, ஆயின் எரிபொருளையும் ஆயுதத்தையும் அளந்தே ஏற்றவேண்டும்.

இந்தியக் கடற்படை இவ்விரண்டையும் கண்டது. 1961இல் பணியில் சேர்ந்த பழைய 'விக்ராந்த்' நீராவிக் கவண் உடையது. 1971ஆம் ஆண்டுப் போரில், கொதிகலன் ஒன்று பழுதுற்ற நிலையிலும், அதிலிருந்து எழுந்த 'சீ ஹோக்' ஜெற் விமானங்கள் சிட்டகொங், கொக்ஸ் பஜார் ஆகிய இடங்களைத் தாக்கின. 1983இல் வந்த 'சீ ஹரியர்' நின்ற நிலையிலேயே இறங்கவல்லது. அது 2016 வரை பணிபுரிந்தது.

இடையில் சோவியத் நாட்டில் நிகழ்ந்த போட்டியொன்று இக்கதையோடு பின்னர் வந்து பிணைந்தது. 1989 நவம்பர் 1ஆம் நாள், அன்று 'துபிலிசி' எனப் பெயர் பூண்டிருந்த கப்பலில் சுகோய் நிறுவனத்தின் விமானமும் மிக் நிறுவனத்தின் விமானமும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. சுகோய் பெரியது, நெடுந்தொலைவு செல்வது. மிக்-29கே அதனினும் நான்கு மீற்றருக்கு மேல் நீளங் குறைந்தது. சோவியத் அரசு குலைந்து பொருள் வற்றிய நாளில் ஒன்றையே பேண முடிந்தது. சுகோய் தேர்வாயிற்று, மிக் கைவிடப்பட்டது. 2004இல் இந்தியா ஒரு பழைய உருசியக் கப்பலைப் பெற்று 'விக்ரமாதித்யா' எனப் புதுக்க முற்பட்டபொழுது, அதன் சிறிய தளத்துக்குப் பொருந்தியது தோற்ற விமானமேயாம். 16 முதலிலும் 29 பின்னருமாக 45 விமானங்கள் கேட்கப்பட்டன. தள்ளுண்ட பிள்ளைக்கு அயலூரில் வாழ்வு கிடைத்தது எனலாம். அவ்வாழ்வு நோயற்றதாயிருந்தது என்று சொல்வதற்கில்லை: அவற்றின் இயந்திரங்களிலும் உடலமைப்பிலும் கண்ட குறைகளை இந்தியக் கணக்காய்வாளர் 2016ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துரைத்தார்.

இந்தியர் தாமே வகுத்த தேஜஸ் விமானத்தின் கடற்படை வடிவம் வேறொரு பாடுபட்டது. கப்பலில் இறங்கும் விமானம் மெல்லத் தாழ்ந்து தளத்தைத் தொடுவதில்லை; ஏறக்குறைய விழுகின்றது. அதன் வாலடியிலுள்ள கொக்கி தளத்தின் குறுக்கே கட்டிய உருக்குக் கயிற்றைப் பற்ற, நூறு மீற்றருக்குள் அது நின்றுவிட வேண்டும். அவ்வதிர்ச்சியைத் தாங்கத் தேஜஸின் சக்கரக் கால்கள் தடிப்பாக்கப்பட்டன. விமானி தளத்தைக் காணுமாறு மூக்குத் தாழ்த்தப்பட்டது. வேகங் குறைந்து இறங்குவதற்கென இறக்கையின் அடிமுனையில் அசையும் பலகைகள் இணைக்கப்பட்டன. இவையெல்லாம் எடையைக் கூட்டின. இயந்திரமோ ஒன்றே. எடை மிகுதி என்று கூறி, 2016 டிசம்பரில் கடற்படைத் தளபதி அட்மிரல் சுனில் லன்பா அதனை ஏற்க மறுத்தார். ஆயினும் பொறியியலாளர் முயற்சியைக் கைவிடவில்லை. 2020 ஜனவரி 11இல் அவ்விமானம் விக்ரமாதித்யாவில் இறங்கி, மறுநாள் அதிலிருந்தே எழுந்தது. கப்பலுக்கு அது ஏற்கப்படவில்லை என்பது உண்மை. அதைத் தோல்வி என்று மட்டும் எழுதிவைப்பது நீதியாகாது. கயிறு பற்றி இறங்கும் கலையை அந்நாட்டார் பிறரிடம் விலைக்கு வாங்காமல் தாமே கற்றது அவ்விமானத்தாலன்றோ?

அதன்பின் எழுந்த போட்டியே யாவற்றினும் வியப்புடையது. கொச்சியில் கட்டப்பட்ட 262 மீற்றர் நீளப் புதிய விக்ராந்துக்கென இரு விமானங்கள் முன்வந்தன: பிரான்சின் ரஃபேல்-எம், அமெரிக்காவின் சுப்பர் ஹோர்னெற். இரண்டும் இரட்டை இயந்திரம் உடையவை. இரண்டும் கவணால் எறியப்படுவதற்கென்றே வகுக்கப்பட்டவை. விக்ராந்திலோ கவண் இல்லை, வளைந்த முகப்பே உண்டு. ஆகவே புதிதாகத் தாவக் கற்கும் குழந்தைகள்போல், கோவாவில் கரைமேல் அமைந்த பயிற்சி வளைவில் ரஃபேல் 2022 ஜனவரியிலும், சுப்பர் ஹோர்னெற் அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களிலும் தாவிக் காட்டின. சுப்பர் ஹோர்னெற்றின் இறக்கை மடங்கும். ரஃபேலின் இறக்கை மடங்காது. மிக்-29கேயை எண்ணி அளவிட்டுக் கட்டிய கப்பலில் இது சிறு குறையன்று. அமெரிக்க விமானத்தின் இருவர் அமரும் வடிவமும் கப்பலில் இறங்கும். பிரெஞ்சு விமானத்தின் இருவர் வடிவம் கரைக்கே உரியது. இங்ஙனம் இருந்தும் ரஃபேலே வென்றது. இந்திய விமானப்படை முன்னரே 36 ரஃபேல்களை வாங்கியிருந்தமையால், உதிரிப் பாகங்களும் ஆயுதங்களும் பயிற்சியும் இரு படைகளுக்கும் பொதுவாகும் வாய்ப்பு இருந்தது. தனித்தனி அளந்தால் பல வகையில் ஒத்தவையே இவ்விரண்டும். தராசைச் சாய்த்தது கரையிலிருந்த களஞ்சியம் எனல் பொருந்தும்.

2025 ஏப்ரல் 28இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஏறத்தாழ 63,000 கோடி இந்திய ரூபாய்க்கு 26 விமானங்கள். அவற்றுள் 22 கப்பலுக்கு, இருவர் அமரும் 4 கரைப் பயிற்சிக்கு. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் விக்ராந்த் கொழும்புக்கு வந்திருந்தபோது டித்வா புயல் இத்தீவைத் தாக்கிற்று. போட்டியில் வென்ற விமானங்களுள் ஒன்றேனும் அப்பொழுது அதில் இல்லை. வெள்ளத்தில் அகப்பட்டோர்க்கு உதவ அதன் தளத்திலிருந்து எழுந்தவை ஹெலிகொப்ரர்கள். அவற்றுக்கு வளைந்த முகப்பும் வேண்டியதில்லை, கவணும் வேண்டியதில்லை.