யாழ்ப்பாணக் குடும்ப நிதியும் பல்கலைக்கழக ஆய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

தனியாள் நிதித் திட்டமிடல் என்பது இன்று மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தனியொரு கற்கைநெறியாக வளர்ந்துள்ளது. 1972இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் இதற்கெனக் கல்லூரியொன்று தோன்றியது. மறு ஆண்டில் அதன் முதல் தொகுதியினர் 42 பேர் வெளியேறினர். இத்துறை நூல்களின் பின்னணியிலுள்ள கோட்பாடுகளுள் முக்கியமானது, பிராங்கோ மொடிக்லியானி 1950களில் முன்வைத்த வாழ்க்கை வட்டக் கருதுகோளாகும். உழைக்குங் காலத்திற் சேமித்து, இளைப்பாறிய காலத்தில் அதனைச் செலவிடும் தனிமனிதனே அக்கருதுகோளின் நாயகன். இந்நாயகன் யாழ்ப்பாணக் குடாநாட்டில் என்றேனும் வாழ்ந்தானா என்பதே இங்கு எழும் வினா.

நமது சமூகத்தில் நிதித் திட்டமிடலின் அலகு தனிமனிதனன்று, குடும்பமே. அதனை விளங்கிக்கொள்ளத் தேசவழமைக்குச் செல்லுதல் வேண்டும். ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் 1706இல் தொகுத்து, 1707இற் பன்னிரு முதலியார்களின் ஒப்புதலைப் பெற்ற அத்தொகுப்பு, சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. முதுசம் பரம்பரையாய் வந்தது. சீதனம் பெண்ணுடன் சென்றது. தேடியதேட்டம் தம்பதியர் தம் காலத்தில் ஈட்டியது. சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் ஏனைய சொத்திற் பங்கு கோரவியலாது என்பது பழைய விதி. எனவே சீதனத்தை வெறும் கலியாணச் செலவென்று கொள்வது தவறாகும். அது முற்கூட்டியே பிரித்தளிக்கப்பட்ட மரபுரிமை. தந்தையொருவன் சிக்கனமாய் வாழ்ந்து சேமித்தது தன் முதுமைக்கன்று, மூத்த மகளின் உறுதி எழுதப்படும் நாளுக்கே. பின்னர் 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இவ்வுரிமைமுறையிற் பெருமாற்றங்களைச் செய்தபோதும், குடும்பக் கணக்கின் அச்சாணி அசையவில்லை.

அதே தொகுப்பு ஒற்றி, அடைவு, வட்டிக்கடன் ஆகியன பற்றியும் பேசுகின்றது. ஒற்றியிற் காணி கடன் கொடுத்தவனின் கைக்கு மாறும், விளைவே வட்டியாகும். வட்டி என்னும் சொல்லே எழாததால் இது இணக்கமான ஏற்பாடுபோலத் தோன்றும். ஆயினும் முதலைத் திருப்பவியலாதவனுடைய காணி தலைமுறை தலைமுறையாக மீளாது கிடந்தமை பலரறிந்ததே. அதே நூலில் அடிமைகளும் உடைமையாகவே இடம்பெறுகின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின்னரும், பிறர் காணியிற் குடியிருந்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கு முதுசமும் இல்லை, ஒற்றி வைக்கக் காணியும் இல்லை. ஆகவே 'யாழ்ப்பாணத்தான் சிக்கனக்காரன்' என்னும் பெருமைப்பேச்சு யாரைக் குறிக்கின்றது என்று கேட்காமல் அதனை ஆய்வில் ஏற்பதற்கில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மிசனரிக் கல்வியும், மலாயாவிலும் கொழும்பிலும் கிடைத்த உத்தியோகங்களும் புதியதொரு வருமான வழியைத் திறந்தன. 'கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்' என்ற பழமொழி, இளைப்பாற்றுச் சம்பளத்தின் பொருளாதாரப் பெறுமதியை எப்பாடநூலினும் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றது. மணியோடர் பொருளாதாரம் என்று பின்னர் வழங்கப்பட்டது இதுவே. உத்தியோகத்தனின் சம்பளமே மாப்பிள்ளையின் விலையை உயர்த்த, உயர்ந்த சீதனத்திற்காக அடுத்த தலைமுறையும் உத்தியோகம் தேடியது.

இவற்றைப் புள்ளிவிவரங்களால் ஆராய முற்படுவோருக்கு ஒரு தடை உண்டு. மத்திய வங்கி 1953 முதல் நடத்திவந்த நுகர்வோர் நிதி அளவீடுகளில், 1986/87, 1996/97 ஆகியவை போர் காரணமாக வடக்கு கிழக்கு மாகாணங்களை உள்ளடக்கவில்லை. சீட்டு, அடைவு முதலான வழக்கங்களோ முற்பட்ட அளவீடுகளிலும் முழுமையாக அகப்படத்தக்கனவல்ல. இவ்விடத்தில் இலக்கியம் சான்றாகின்றது. எஸ். பொன்னுத்துரையின் 'சடங்கு' (1966) கொழும்பிலே எழுதுவினைஞனாக உழைத்து, குடும்பத்தை ஊரில் விட்டுவைத்தவனின் வாழ்வை வரைகின்றது. முற்போக்கு அணியை முறித்து 'நற்போக்கு' பேசியவர் அதன் ஆசிரியர். அவரது நோக்கு எமக்கு உடன்பாடானதன்று. எனினும் சம்பளம் எவ்வாறு மனித உறவாகவும் பிரிவாகவும் மாறுகின்றது என்பதை அந்நாவல் காட்டுமளவிற்கு எந்த அளவீடும் காட்டவில்லை.

1974இல் யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் க. கைலாசபதியை முதற் தலைவராகக் கொண்டு திருநெல்வேலியில் தோன்றியது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கு பொருளியல் கற்பித்த வி. நித்தியானந்தம் போன்றோர் வடக்கு கிழக்கின் பொருளாதார வரலாற்றைத் தனிப்பொருளாக எடுத்தாண்டனர். இன்று முகாமைத்துவக் கற்கைகள், வணிக பீடத்தில் நிதி முகாமைத்துவம் கற்பிக்கப்படுகின்றது. கலைப்பீடத்திலோ அகிலன் கதிர்காமர் கடன்சுமையையும் கூட்டுறவு இயக்கத்தையும் ஆராய்ந்து வருகின்றார். ஒரே வளாகத்தின் இவ்விரு அணுகுமுறைகளும் ஒரே வீட்டையே பார்க்கின்றன. ஒன்றுக்கு அவ்வீடு சிறு நிறுவனம், மற்றதற்கு அது சமூக உறவுகளின் முடிச்சு.

இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. 2009இன் பின் வங்கிகளும் குத்தகை நிறுவனங்களும் நுண்நிதி நிறுவனங்களும் வடக்கில் விரைந்து பரவின. வாரந்தோறும் வாசலுக்கு வந்து கடன் அறவிடும் முறை, பெண்களையே பெரும்பாலும் கடனாளிகளாக்கியது. 2018இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்களின் சிறு நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அக்காலத்திற் பலரும் கூறிய மருந்து 'நிதி எழுத்தறிவு'. கணக்கெழுதத் தெரியாமையாற் கடன்பட்டனர் என்பது அதன் உட்கிடை. ஆனால் சீட்டுப் பிடித்து, கழிவு கணக்கிட்டு, நகையை அடைவு வைத்து மீட்டு, பிள்ளையின் பள்ளிச் செலவை ஒப்பேற்றும் பெண்ணுக்குக் கணக்குத் தெரியாதென்று சொல்பவர் அவள் வீட்டுக்குச் சென்றவராதல் அரிது. அவளிடம் இல்லாதது அறிவன்று, வருமானம்.

2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. ஊழியர் சேமலாப நிதியை நம்பி முப்பதாண்டு திட்டமிட்டு உழைத்தவரின் சேமிப்பு, எத்தவறுமின்றித் தேய்ந்தது. மொடிக்லியானியின் நாயகனும் அவ்வாண்டில் இலங்கையில் இருந்திருப்பின் கடனாளியாகியிருப்பான். நிதித் திட்டமிடலைப் போதிக்கும் விரிவுரையாளர் தம் முதலாம் விரிவுரையை அந்த ஆண்டிலிருந்தே தொடங்குவாராயின், மாணவர் கேட்கும் வினாக்கள் வேறாகும்.