அரோவானா ஏன் திடீரென்று பாய்கிறது? காயத்தைத் தடுப்பது எப்படி?

இரவு நேரம். வீடே இருட்டு. தண்ணீர் குடிக்க எழுந்தவர் விளக்கைப் போட்டதும் மீன்தொட்டியிலிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம்.

அரோவானா வளர்க்கும் வீடுகளில் இது புதிதல்ல. காலையில் பார்த்தால் ஒரு செதில் காணோம். இல்லையென்றால் வாய் நுனியில் இருக்கும் மீசை முறிந்திருக்கும். மோசமான நாளில் மீன் தரையில் கிடக்கும்.

"அதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்வோர் உண்டு. அப்படியெல்லாம் இல்லை. ஆபத்து வந்தால் தப்பிக்க வேண்டும் என்ற வேலையை மீன் சரியாகத்தான் செய்கிறது. ஆற்றில் அப்படிப் பாய்ந்தால் முன்னால் தண்ணீர் இருக்கும். வீட்டில் கண்ணாடி இருக்கிறது.

விலையுயர்ந்த மீன், நீண்ட ஆயுள்

சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா வட்டாரத்தில் ஆசிய அரோவானாவுக்குத் தனி மவுசு. மலாயில் கெலிசா என்பார்கள். டிராகன் மீன் என்ற பெயரும் உண்டு. தொட்டியில் சுமார் 60 சென்டிமீட்டர் வரை வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 ஆண்டுக்கு மேலும் வாழும்.

இயற்கையில் இது அருகிவரும் இனம். அனைத்துலக வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் முதல் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் பண்ணையில் வளர்க்கப்பட்ட மீன்களுக்கு மைக்ரோசிப்பும் சான்றிதழும் கொடுக்கிறார்கள்.

மீனுக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுப்பவர்கள், நல்ல மூடி வாங்கச் சொன்னால் மட்டும் ஏனோ யோசிக்கிறார்கள்!

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

பெரும்பாலான மீன்களின் மூளையின் பின்பகுதியில் இரண்டு பெரிய நரம்பணுக்கள் இருக்கின்றன. மௌத்னர் அணுக்கள் என்பது அவற்றின் பெயர். ஒரு பக்கத்தில் அதிர்ச்சி ஏற்பட்டால், அந்தப் பக்கத்து அணு மறுபக்கத் தசைகளைச் சட்டென்று சுருக்கிவிடும். உடல் வில்லைப் போல வளையும். அடுத்த கணம் மீன் பாய்ந்துவிடும்.

எல்லாம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு அளவில் தொடங்கிவிடுகிறது. 'எந்தப் பக்கம் போகலாம்' என்று யோசிக்க அதற்கு நேரமே இல்லை.

இன்னொன்று, அரோவானா நீரின் மேற்பரப்பில் வாழ்வது. மேலே பூச்சி தெரிந்தால் எகிறிப் பிடிக்கும். இதன் உறவான தென்னமெரிக்க வெள்ளி அரோவானா, கிளையில் இருக்கும் பூச்சிக்காக ஒரு மீட்டருக்கு மேல்கூடக் குதிக்கும். ஆக, பயந்தால் மேல்நோக்கிப் பாய்வது இந்தக் குடும்பத்துக்கே கைவந்த கலை.

முதலில் விளக்கைக் கவனியுங்கள்

மீனுக்குக் கண்ணிமை கிடையாது. பெரும்பாலான மீன்களின் கண்மணி நம்முடையதைப் போல வெளிச்சத்துக்கு ஏற்பச் சுருங்குவதும் இல்லை. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் பழக அதற்குப் பல நிமிடம் தேவை. நாம் விசையைத் தட்டுவதோ ஒரு நொடியில்.

காலையில் முதலில் திரைச்சீலையைத் திறங்கள், அல்லது அறை விளக்கைப் போடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டி விளக்கு. இரவில் அப்படியே தலைகீழாக: தொட்டி விளக்கு முதலில் அணையட்டும், அறை விளக்கு பிறகு. அறையின் மூலையில் மங்கலான இரவு விளக்கு ஒன்று எரிந்தால் இன்னும் நல்லது. பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

சத்தமும் அதிர்வும்

தண்ணீரில் ஒலி, காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகிறது. மீனின் உடல் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு சிறு அசைவையும் கண்டுபிடித்துவிடும். கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடும் பழக்கத்தை வீட்டுக்கு வரும் குட்டிப் பிள்ளைகளிடம் மட்டுமல்ல, பெரியவர்களிடமும் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படார் என்று சாத்தும் கதவு, ஒலிபெருக்கி, நடமாட்டம் அதிகமுள்ள நடைவழி ஆகியவற்றின் பக்கத்தில் தொட்டி வேண்டாம். பின்பக்கத்தையும் இரு ஓரங்களையும் அடர்நிறத் தாளால் மூடினால், நிழலாட்டம் ஒரே பக்கத்திலிருந்துதான் தெரியும்.

அடுக்குமாடியில் இன்னொரு தலைவலி, பக்கத்து வீட்டில் துளைபோடும் வேலை. புதுப்பிப்புப் பணி பற்றிய அறிவிப்பு தெரிந்ததும் அந்த நாள்களில் தொட்டியைத் துணியால் போர்த்தி, வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

மூடி விஷயத்தில் சமரசம் வேண்டாம்

மெல்லிய பிளாஸ்டிக் மூடியை வளர்ந்த அரோவானா தலையால் முட்டியே தள்ளிவிடும். கனமான மூடி வேண்டும், அல்லது பூட்டோ எடையோ வேண்டும். குழாய் நுழையும் இடைவெளிதான் பலர் மறந்துபோவது. அந்த மூலையைக் கடற்பஞ்சு வைத்தாவது அடையுங்கள். நீர்மட்டத்தை விளிம்பைவிடச் சற்றுக் குறைத்தால் உதவும், ஆனால் அது மூடிக்கு மாற்று அல்ல.

உயரத்தில் பூச்சியைப் பிடித்து மீனைக் குதிக்கவைக்கும் காணொளிகள் இணையத்தில் நிறைய. பார்க்க ஜாலியா இருக்கும். மூடி திறந்தால் குதிக்க வேண்டும் என்று மீனுக்கு நாமே பாடம் எடுப்பதும் அதுதான். இரையை நீரில் போட்டாலே போதும்.

தொட்டியின் அகலமும் முக்கியம். வளர்ந்த மீனுக்கு 6 அடி நீளம், 2.5 அடி அகலம் வேண்டும் என்பது அனுபவசாலிகள் பொதுவாகச் சொல்வது. திரும்ப இடமில்லாத மீன் ஒவ்வொரு முறையும் உரசும். கூரான கல், கட்டை வேண்டாம். அடித்தளத்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அரோவானா கவலைப்படாது.

வலை எடுக்காதீர்கள்

இடம் மாற்றும்போதுதான் நிறைய காயம். வலையில் செதிலும் மீசையும் சிக்கும். உடலைக் காக்கும் வழவழப்புப் படலமும் உரிந்துபோகும். பெரிய பிளாஸ்டிக் பையை நீருக்குள் அமிழ்த்தி, விளக்கைக் குறைத்து, மீனை மெதுவாக உள்ளே ஓட்டி, தண்ணீரோடு தூக்குங்கள். இரண்டு பேர் வேண்டும்.

வெளியே குதித்துவிட்டால்?

'செத்துப்போச்சு' என்று உடனே முடிவுகட்டாதீர்கள். செவுள் அசைகிறதா பாருங்கள். ஈரத் துண்டைக் கண்ணை மறைத்துப் போர்த்தி, இரு கைகளாலும் உடலைத் தாங்கி, மெதுவாகத் தண்ணீருக்குள் விடுங்கள். செவுளைப் பிடித்துத் தூக்கவே கூடாது. விளக்கை அணைத்து, காற்றுக் குழாயைக் கூட்டி, அன்று இரை போடாமல் விடுங்கள்.

சிறு காயத்துக்கு முதல் மருந்து சுத்தமான தண்ணீர். ஆனால் சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமைன் சேர்க்கப்படுகிறது. வாளியில் ஓர் இரவு பிடித்து வைத்தால் அது போகாது. நீரைப் பதப்படுத்தும் திரவம் கலந்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

உதிர்ந்த செதில் மெல்ல மீண்டும் முளைக்கும். காயத்தில் பஞ்சு போல வெள்ளையாகப் படர்ந்தாலோ, சிவந்து பரவினாலோ, மீன் சாய்ந்து நீந்தினாலோ கடையில் கிடைக்கும் மருந்தை ஊற்றிப் பார்க்காமல், மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். மீன் நீந்துவதைக் கைப்பேசியில் படமெடுத்து முதலில் காட்டுங்கள். பயந்த மீனை மறுபடியும் பையில் போட வேண்டுமா என்பதை அவர் அதைப் பார்த்துச் சொல்லக்கூடும்.