பொம்மையோடு வெளியேறியவர்

 

1947 டிசம்பர் 27, சனிக்கிழமை. முந்தைய நாள் கொட்டிய பனியில் நியூயார்க் முடங்கிக் கிடந்தது. பிள்ளைகள் வீட்டுக்குள். அன்றைக்குத்தான் என்.பி.சி. தொலைக்காட்சியின் பிள்ளைகள் நிகழ்ச்சியில் ஹவுடி டூடி என்ற பொம்மை நாயகன் அறிமுகம். ஆனால் பொம்மை தயாராகவில்லை! ஹவுடி வெட்கப்பட்டு மேஜை டிராயருக்குள் ஒளிந்திருப்பதாகச் சொல்லி, தொகுப்பாளர் பஃபலோ பாப் ஸ்மித் தானே அவனுக்குக் குரலும் கொடுத்துச் சமாளித்தார்.

பிறகு பொம்மைக் கலைஞர் ஃபிராங்க் பாரிஸ் செய்த நூல்பாவை வந்தது. லட்சணமான முகம் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு அந்த முகம்தான் பிடித்தது. 1948இல் மேசிஸ் கடை ஹவுடி பொம்மைகளை விற்க விரும்பியதும் தகராறு வெடித்தது. ஹவுடி, ஸ்மித்தின் வானொலி நிகழ்ச்சியில் குரலாகப் பிறந்தவன். ஆகவே உரிமை தங்களுக்கே என்றது நிகழ்ச்சித் தரப்பு. முகம் என்னுடையது, பங்கு வேண்டும் என்றார் பாரிஸ். கிடைக்கவில்லை. நேரலைக்குச் சில மணி நேரமே இருக்கையில் பொம்மையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

அவரை வில்லன் என்பவர்களோடு நான் சேர மாட்டேன். குரல் ஸ்மித்தினுடையது, சரி. கடையில் விலைக்குப் போகவிருந்தது குரலா? பாரிஸ் உருவாக்கிய முகம். உழைத்த கைக்குக் கூலி கேட்டவர் அவர்.

நாயகன் இல்லாமல் நிகழ்ச்சி எப்படி ஓடியது? அது அதிபர் தேர்தல் ஆண்டு. ஹவுடியும் பிள்ளைகளின் அதிபர் பதவிக்குப் போட்டியிடுகிறான், பிரசாரத்துக்கு ஊர் ஊராகப் போயிருக்கிறான் என்றார்கள். எதிராளி 'மிஸ்டர் எக்ஸ்' பேரழகனாம். அதனால் ஹவுடி பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டானாம்! முகமெல்லாம் கட்டுப் போட்ட பொம்மை திரையில் வந்தது. கட்டுப் பிரித்தபோது, வெல்மா டாசன் செய்த புது ஹவுடி சிரித்தான்: செம்பட்டை முடி, முகத்தில் 48 பழுப்புப் புள்ளிகள். அன்றைய அமெரிக்காவின் மாநிலங்கள் 48. இந்தக் கற்பனைக்கு நான் தலைவணங்குகிறேன். பாரிஸுக்கு இழைத்தது அதனால் நியாயமாகிவிடாது.

புது முகத்துக்கும் வழக்கு காத்திருந்தது. நிகழ்ச்சி 1960இல் முடிந்தபின் பொம்மை, அதை ஆட்டிய ரூஃபஸ் ரோஸிடம் இருந்தது. அவர் காலமான பிறகு, அது தங்களுக்கே என்றது குடும்பம். எங்களுக்குத் தருவதாக அவர் வாக்களித்திருந்தார் என்றது டெட்ராய்ட் கலை அருங்காட்சியகம். 2001இல் நீதிமன்றம் அருங்காட்சியகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.