காழி விலகிக்கொள்ள வேண்டிய இடம்

உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்த காலத்தில், அவர்களுக்கும் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களுக்கும் இடையே ஒரு பிணக்கு எழுந்தது. நாட்டின் நீதி நிர்வாகமே உமர் (ரலி) அவர்களின் கையில் இருந்தது. எனினும் தம் வழக்கில் தாமே தீர்ப்புக் கூற அவர்கள் முன்வரவில்லை. இருவரும் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை நடுவராக ஏற்று, அவரது இல்லத்திற்கே நடந்து சென்றனர்.

கலீஃபாவைக் கண்ட ஸைத் (ரலி), தம் விரிப்பில் இடம் ஒதுக்கி அமருமாறு வேண்டினார். உமர் (ரலி) மறுத்துவிட்டார்கள். இதுவே உமது முதல் அநீதி என்று கடிந்து, எதிர்வழக்காடியின் அருகிலேயே அமர்ந்தார்கள். விசாரணையின்போது, கலீஃபாவைச் சத்தியம் செய்வதிலிருந்து விட்டுவிடுமாறு ஸைத் (ரலி) உபை (ரலி) அவர்களிடம் கேட்டபோதும், உமர் (ரலி) அச்சலுகையை ஏற்காமல் சத்தியம் செய்தார்கள். தாமும் ஒரு சாமானிய முஸ்லிமும் சமமாகத் தோன்றாத வரை ஸைத் தீர்ப்பளிக்கும் தகுதியை அடையமாட்டார் என்றும் கூறினார்கள். இமாம் ஷஅபீ வாயிலாக இமாம் பைஹகீ இதனைப் பதிவு செய்துள்ளார்கள்.

ஸைத் (ரலி) அவர்களின் நேர்மையை யாரும் ஐயுறவில்லை. அவர் வஹியை எழுதியவர். குர்ஆனைத் தொகுக்கும் பொறுப்பைச் சுமந்தவர். ஆயினும் எதிரில் நிற்பவர் மனத்தில் ஓர் ஐயத்தை விதைக்க ஒரு விரிப்பும் ஒரு மரியாதைச் சொல்லும் போதுமானவை.

இந்த ஐயத்தையே ஃபிக்ஹு அறிஞர்கள் ‘துஹ்மத்’ என்றனர். ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றான ‘மின்ஹாஜ்’ நூலில் இமாம் நவவீ (மறைவு ஹிஜ்ரி 676) இதற்குச் சட்ட வடிவம் தருகிறார்கள். காழி தமக்குச் சாதகமாகவும், பங்குச் சொத்தில் தம் பங்காளிக்குச் சாதகமாகவும், பெற்றோர், பிள்ளைகள் போன்ற நேர்வழி உறவினருக்குச் சாதகமாகவும் அளிக்கும் தீர்ப்பு செல்லாது. அவ்வழக்கை ஆட்சியாளரோ வேறொரு காழியோ விசாரிக்க வேண்டும்.

நேர்மையான காழி தம் தந்தையின் வழக்கிலும் நீதியாகத்தானே தீர்ப்பளிப்பார் என்று கேட்கலாம். தாமே காழியாகப் பணியாற்றிய இமாம் மாவர்தீ (மறைவு ஹிஜ்ரி 450) அவர்களின் விளக்கத்தில் இதற்கு விடை இருக்கிறது. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சாதகமாகக் காழி தீர்ப்பளிக்கக் கூடாது. ஆனால் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளிக்கலாம். சாதகமான தீர்ப்பில் ஐயம் எழும், எதிரான தீர்ப்பில் எழாது என்பதே காரணம். காழியின் உள்ளத்தை அல்லாஹ் ஒருவனே அறிவான். மனிதருக்குத் தெரிவது உறவு மட்டுமே. ஆகவே சட்டம் அந்த உறவைப் பார்க்கிறது.

பகைவர் விஷயத்தில் கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்பின் காரணங்கள் வெளிப்படையானவை என்பதால் பகைவனுக்கு எதிராகவும் காழி தீர்ப்பளிக்கலாம் என்றார்கள் மாவர்தீ. மத்ஹபின் ஏனைய அறிஞர்கள் பலர் அதை ஏற்காமல், பகைவனுக்கு எதிரான வழக்கிலிருந்து காழி விலகவேண்டும் என்றனர்.

விலகல் என்பது சில வேளைகளில் தற்காலிகமானது. கோபமுற்ற நிலையில் இருவரிடையே தீர்ப்பளிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்த ஹதீஸை அபூபக்ரா (ரலி) அவர்கள், ஸிஜிஸ்தானில் காழியாக இருந்த தம் மகனுக்கு எழுதி அனுப்பினார்கள். கடும் பசி, தாகம், துயரம் ஆகியவற்றையும் அறிஞர்கள் இதனுடன் சேர்த்தனர்.

ஐயத்தை அகற்றுவதில் நமக்கு முன்மாதிரி நபி (ஸல்) அவர்களே. இஃதிகாஃபில் இருந்தபோது, ஓர் இரவில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை வழியனுப்ப எழுந்தார்கள். அவ்வழியே சென்ற அன்சாரிகள் இருவரை நிறுத்தி, உடனிருப்பவர் தம் மனைவி என்று தெளிவுபடுத்தினார்கள். மாசற்ற நபியே விளக்கம் அளித்தார்கள் என்றால், நாம் எம்மாத்திரம்?

நம் மஹல்லாக்களில் தலாக், வாரிசுரிமை, வக்ஃபு நிலம் எனப் பல பிணக்குகள் ஜமாஅத்தின் முன் வருகின்றன. குடும்பத்திற்குள் பாகம் பிரிக்கையில் மூத்தவரே நடுவராகி, தம் பங்கையும் தாமே நிர்ணயிப்பதுண்டு. அவர் பிரித்தது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதை மனநிறைவோடு ஏற்றுக்கொள்ளத் தங்கைக்கு வழியில்லாமல் போகிறது, உறவு முறிகிறது. சம்பந்தியின் வழக்கு வரும்போது, “இதில் நான் அமரமாட்டேன், வேறொருவர் விசாரிக்கட்டும்” என்று சொல்லும் நிர்வாகி தம் மதிப்பை இழப்பதில்லை. அவர் காப்பாற்றுவது தீர்ப்பின் மதிப்பை.

நீதியில் நிலைத்து நிற்கும் உறுதியையும், விலகவேண்டிய இடத்தில் விலகும் பணிவையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.