கான் ரயிலின் பெயரில் இல்லாத பெண்கள்

2018 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தொலைக்காட்சி ‘தி கான்’ என்ற ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. மூன்று மணிநேரம், வர்ணனைக் குரல் கிடையாது. அடிலெய்டிலிருந்து டார்வின்வரை 2,979 கிலோமீட்டர் ஓடும் சொகுசு ரயில், செம்மண், தண்டவாளச் சத்தம். வரலாறு எழுத்துகளாகத் திரையில் வந்து மறைகிறது. அடுப்பைக் கவனித்துக்கொண்டே பார்க்க முடியாத படம். அதற்கென்றே உட்கார்ந்து பார்த்தேன்.

‘ஆப்கான்’ என்பதன் சுருக்கமே ‘கான்’. 1860களிலிருந்து ஆப்கானிஸ்தானிலிருந்தும் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஒட்டகங்களோடு அழைத்துவரப்பட்ட ஆண்கள் அனைவருக்கும் அங்கே அந்த ஒரே பெயர்தான். வேலைக்கு ஆண்கள் போதும் என்பதால் மனைவியர் ஊரிலேயே விடப்பட்டார்கள். வந்தவர்களில் சிலர் பழங்குடிப் பெண்களோடும் வெள்ளைக்காரப் பெண்களோடும் குடும்பம் நடத்தினார்கள். மர்ரீ போன்ற ஊர்களின் ஓரத்தில் ‘கான் டவுன்’கள் உருவாயின.

அந்தக் குடும்பங்களுக்குள் அரசு நுழைந்தது பெண்ணின் வழியாகத்தான். வட பிரதேசத்தின் 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழங்குடியல்லாத ஆணைப் பழங்குடிப் பெண் மணக்க அதிகாரியின் அனுமதி வேண்டும். கலப்புப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து வைக்க ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ‘பங்களா’ என்றொரு விடுதி 1914 முதலே இருந்தது. 1929இல் ரயில் வந்து சேர்ந்ததும் அதே ஊருக்குத்தான்.

ஒட்டகம் ஓட்டிய ஆண்களுக்கு, அரைகுறையாகவேனும், ஒரு ரயிலின் பெயர் மிஞ்சியது. ஊரில் காத்திருந்தவளுக்கும் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும் அதுகூட இல்லை. அடுத்தமுறை அந்தச் செம்மண்ணைப் பார்க்கும்போது, அழகு என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.