பாறைமேல் போட்ட பலகை

கடல் பொங்கும் நாளில் தூண்டில்காரர் கரையேறிவிடுவது உலக வழக்கம். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஒரு மீன் அந்த வழக்கத்தையே மாற்றியது. வரி பாஸ் என்று பெயர். வெள்ளி உடம்பில் நீளவாக்கில் ஏழெட்டுக் கறுப்பு வரிகள், அகன்று வலுத்த வால். பாறையில் அலை மோதி நுரைக்கிற இடம்தான் அதற்கு வேட்டைக்காடு. சுழலில் நிலைதடுமாறும் சிறுமீன்களையும் பாறையிடுக்கிலிருந்து பெயர்ந்து விழும் நண்டுகளையும் அது அங்கே பிடித்துத் தின்னும். செசபீக் விரிகுடாப் பக்கம் இன்றும் அதை ராக்ஃபிஷ், அதாவது பாறைமீன் என்றே சொல்கிறார்கள்.

இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறியவர்களுக்கு அது சாப்பாடு மட்டுமல்ல, வயலுக்கு உரமும்கூட. அள்ள அள்ளக் கிடைத்த மீனை அப்படியே மண்ணில் புதைத்தார்கள். 1639இல் மாசசூசெட்ஸ் குடியேற்றம் அதற்குத் தடை போட்டது. 1670இல் பிளிமத் குடியேற்றம் பாஸ், கானாங்கெளுத்தி, ஹெர்ரிங் மீன்பிடியில் வந்த வருமானத்தை இலவசப் பள்ளி நடத்த ஒதுக்கியது. மீன் காசில் பிள்ளைகள் எழுத்துக் கற்ற அந்தச் செய்தி, பள்ளிக்கூட வரலாறுகளில் இன்னும் பெரிதாகச் சொல்லப்பட வேண்டியது.

இருநூறு ஆண்டு கழித்து அதே மீனைத் தேடி வந்தவர்கள் நியூயார்க் பணக்காரர்கள். மாசசூசெட்ஸின் எலிசபெத் தீவுகளில் தென்மேற்கு ஓரத்தில் இருப்பது கட்டிஹங்க். சுமார் 580 ஏக்கர்தான். சுற்றிலும் உருண்டைப் பாறைகள், திறந்த கடலின் அலை. 1864இல் அங்கே ஒரு மீன்பிடி கிளப் தொடங்கினார்கள். பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டின் வெஸ்ட் ஐலண்டிலும் அந்தக் காலத்தில் அப்படி ஒரு கிளப் இருந்தது.

மீன் நிற்பது அலை உடையும் இடத்தில். வெறும் கரையில் நின்றால் தூண்டில் அதுவரை எட்டாது. அதனால் பாறையில் துளை போட்டு இரும்புக் கம்பிகளை நட்டார்கள். கரையிலிருந்து கடைசிப் பாறைவரை அவற்றின் மேல் ஒற்றையடிப் பாதைபோலப் பலகை போட்டார்கள். முனையில் ஓர் ஆள் உட்கார மேடை. கீழே கடல் கொதித்துக்கொண்டிருக்கும். எந்த மேடை யாருக்கு என்று முந்தின இரவே சீட்டுப் போட்டுவிடுவார்கள். விடிவதற்குள் ஆள் பலகைமேல் நடந்துபோய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு நைலான் நரம்பு கிடையாது, ஆளிநார் (லினன்) நூல்தான். நனைந்ததை அன்றன்றே உலர்த்தாவிட்டால் இற்றுப்போகும். மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது ரீலை நிறுத்த இன்று இருப்பதுபோன்ற விசையும் கிடையாது. கட்டைவிரலைச் சுழலும் நூலின் மேல் அழுத்தியே பிடிக்க வேண்டும். விரல் வெந்துவிடாமல் இருக்க ஓர் உறை மாட்டிக்கொள்வார்கள். இருபது கிலோ மீனுக்கு எதிரே அந்த விரல்தான் பிரேக்.

கிளப் உறுப்பினருக்குப் பக்கத்தில் இன்னொரு மனிதர் நின்றார். சம்மர் என்று அவரை அழைத்தார்கள்; இரை வீசும் கூலியாள். மத்தி இனத்து மென்ஹேடன் மீனையும் கொடுக்குள்ள பெரிய சிங்கி இறாலையும் வெட்டித் துண்டுதுண்டாகக் கடலில் எறிவது அவர் வேலை. எண்ணெய்ப் படலம் தண்ணீரில் பரவும், வாசனை பிடித்து பாஸ் வரும். தூண்டில் முள்ளில் கோப்பதும் பெரும்பாலும் சிங்கி இறாலின் வால்தான். நம் கரையில் ஏற்றுமதிக்கென்று பொத்திப் பொத்தி எடுத்துவைக்கிற பண்டம், அங்கே அன்று வெறும் இரை. மீன் களைத்து அருகே வந்ததும், வழுக்கும் பாறைக்கு இறங்கி, அடுத்த அலை வருவதற்குள் கொக்கியால் குத்தித் தூக்க வேண்டியவரும் அவரே. அந்த வேட்டையின் ஆபத்தில் பெரும்பங்கைச் சுமந்தவர் அவர். மீன் சேர்ந்ததோ உறுப்பினர் கணக்கில்.

நூற்றாண்டு முடியும் தறுவாயில் மீன் குறைந்தது. மேடைகள் ஒவ்வொன்றாக வெறிச்சோடின. 1913இல் எலிசபெத் தீவுகளை ஒட்டிய கடலில் சார்லஸ் சர்ச் என்பவர் 73 பவுண்டு பாஸ் ஒன்றைப் பிடித்தார். உலக சாதனைதான், ஆனால் கிளப்பின் நல்ல காலம் அதற்குள் முடிந்திருந்தது. 1920களில் அதன் சொத்தை அமெரிக்கன் உல்லன் கம்பெனித் தலைவர் வில்லியம் உட் வாங்கிக்கொண்டார். 

சர்ச்சின் சாதனை 68 ஆண்டுகள் நின்று 1981இல் முறிந்தது. அடுத்த ஆண்டே அந்தப் புதிய சாதனையையும் முறியடித்தது ஒரு கொந்தளிப்பு நாள்தான். 1982 செப்டம்பர் 21 இரவு, வடகிழக்குப் புயல்காற்றில் அட்லாண்டிக் சிட்டியின் கல்லணையில் நின்று ஆல் மெக்ரெனால்ட்ஸ் 78.5 பவுண்டு மீனைக் கரையேற்றினார். அப்போது பாஸ் மீன்வளம் பெரிதும் சரிந்திருந்தது. 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைக் காக்கத் தனிச்சட்டம் இயற்றியது. 1985இல் மேரிலாந்து மாநிலம் பாஸ் பிடிப்பதையே நிறுத்தியது. பத்தாண்டில், 1995இல், இனம் மீண்டுவிட்டதாக அறிவிப்பு வந்தது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 2019இல் மறுபடியும் அபாய மணி ஒலித்தது. 2023இல் கடற்கரைத் தூண்டில்காரருக்கு வந்த விதி இது: நாளுக்கு ஒரு மீன், நீளம் 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 31ஐத் தாண்டவும் கூடாது. அந்தப் பலகை மேடைகளில் உட்கார்ந்தவர்கள் காத்துக்கிடந்த பெரிய மீன் இன்று முள்ளில் மாட்டினால், உயிரோடு கடலிலேயே விட்டுவிட வேண்டும்.